ஊர் வைத்த பெயர் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: சாத்தூர் பக்கம் எங்கள் ஊர். 1988-ல் என் மாமனார் ஒரு மரத்தடியில் தள்ளுவண்டி போட்டுக் காராசேவு விற்க ஆரம்பித்தார். கடைக்குப் பெயர் என்று எதுவும் கிடையாது. ‘மரத்தடிக் கடை’ என்று ஊர்க்காரர்கள் கூப்பிட்டதே நிலைத்துவிட்டது. 1996-ல் வாடகைக்குக் கட்டடம் எடுத்து, அதே பெயரில் பலகை வைத்தோம். 2004-ல் மாமனார் தவறிவிட்டார். உயில் எதுவும் எழுதவில்லை. 2009-லிருந்து நானும் கணவரும் பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டி விற்கிறோம். போன வாரம் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. அந்தப் பெயரை 2021-ல் டிரேட்மார்க் பதிவு செய்துவிட்டார்களாம். 15 நாளில் பலகையை இறக்க வேண்டும், 10 லட்சம் நஷ்டஈடு தர வேண்டும் என்கிறார்கள். ஜிஎஸ்டி, உணவுப் பாதுகாப்பு உரிமம் எல்லாம் எங்களிடம் இருக்கிறது. அது போதாதா? பெயருக்கு முன்னால் ‘சாத்தூர்’ என்று சேர்த்துக்கொண்டால் தப்பித்துவிடலாம் என்கிறார் எங்கள் ஆடிட்டர். இதற்கு நடுவில் கொழுந்தனார் மகன் கோவில்பட்டியில் இதே பெயரில் கடை திறந்திருக்கிறான். என்ன செய்வது என்றே புரியவில்லை.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அம்மா, கடையின் உண்மைப் பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். அதனால் உங்கள் கடிதத்தில் ‘மரத்தடிக் கடை’ என்று நானே மாற்றியிருக்கிறேன். கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கியதைத் தவிர மற்றதெல்லாம் நீங்கள் எழுதியபடிதான்.

முதலில் பலகையை இறக்காதீர்கள். 15 நாள் கெடு நோட்டீஸ் அனுப்பிய வக்கீல் வைத்தது, நீதிமன்றம் வைத்ததல்ல. அதற்காகப் பேசாமல் இருந்துவிடவும் கூடாது. ‘நோட்டீஸ் அனுப்பினோம், பதிலே இல்லை’ என்று சொல்லி, உங்களைக் கூப்பிடாமலேயே இடைக்காலத் தடை வாங்கப் பார்ப்பார்கள். டிரேட்மார்க் பதிவு வைத்திருப்பவர் தான் தொழில் நடத்தும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று சட்டத்தின் 134-வது பிரிவு சொல்கிறது. ஆகவே வழக்கு வந்தால் கோவையில்தான் வரும் என்று எதிர்பாருங்கள். இந்த வாரமே கோவை மாவட்ட நீதிமன்றத்தில் கேவியட் மனு ஒன்று போட்டுவையுங்கள். அது 90 நாள் நிற்கும். அதற்குள் அவர்கள் தடை கேட்டு வந்தால் உங்களுக்குத் தகவல் தந்து, உங்கள் பக்கத்தையும் கேட்டாக வேண்டும். 90 நாளில் எதுவும் நடக்கவில்லை என்றால் மறுபடியும் போடலாம்.

கடிதத்தின் கடைசியில், உங்கள் கணவர் அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு, ‘தெரியாமல் வைத்துவிட்டோம் சார்’ என்று பேசியதாக எழுதியிருந்தீர்கள். வாட்ஸ்அப்பிலும் அப்படி ஏதாவது போகுமுன் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். பணிவாகப் பேசினால் விஷயம் முடிந்துவிடும் என்று நம் ஊர்க்காரர்கள் நினைக்கிறார்கள். நீதிமன்றத்தில் அந்த ஒரு வரி ஒப்புதலாகப் போய் உட்காரும். அதோடு, அது உண்மையும் இல்லை. 1988-ல் இருந்த பெயரை, பிற்பாடு வந்த கம்பெனியைப் பார்த்து எப்படிக் காப்பியடிக்க முடியும்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பதிவுச் சான்றிதழ் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே பெயர் என்றுதான் உங்கள் ஆடிட்டர் உட்படப் பலரும் நினைக்கிறார்கள். நம் நாட்டுச் சட்டம் அப்படி இல்லை. பெயரை முதலில் வியாபாரத்தில் பயன்படுத்தி, அதற்கு மக்களிடம் மதிப்பைச் சம்பாதித்தவர் யாரோ அவருக்குத்தான் முதல் உரிமை. பதிவு அந்த உரிமைக்கு வலு சேர்க்கும். வேறொருவர் சம்பாதித்த உரிமையை அது அழித்துவிடாது.

இதற்கு உங்களுக்கு வெகுதூரம் போய் உதாரணம் தேட வேண்டாம். திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் எதிரில் இருக்கும் இருட்டுக்கடை அல்வா உங்களுக்குத் தெரிந்ததுதான். மங்கலான ஒற்றை விளக்கில் வியாபாரம் நடந்ததால் ஜனங்கள் வைத்த பெயர் அது. உங்கள் மரத்தடி மாதிரியே. அந்தப் பெயருக்கு முன்னால் ‘திருநெல்வேலி’ என்று சேர்த்து இன்னொருவர் அல்வா விற்றார். அவர் அந்தப் பெயரைப் பதிவும் செய்துகொண்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2015-ல் தீர்ப்பானது. இரண்டு தரப்பிடமும் பதிவு இருக்கும்போது ஒருவர் மீது ஒருவர் டிரேட்மார்க் மீறல் வழக்குப் போட முடியாது என்று எதிர்த் தரப்பு வாதாடியது. நீதிமன்றம் அதற்கு மேல் ஒரு படி போனது. பதிவினால் வரும் உரிமையைவிட, முன்பே பயன்படுத்தியதால் வரும் உரிமை உயர்ந்தது. பதிவு கையில் இருப்பவர் மீதுகூட ‘பாசிங் ஆஃப்’ வழக்கு நிற்கும் என்று சொல்லி, பழைய கடையின் பக்கமே தீர்ப்பளித்தது. பாசிங் ஆஃப் என்றால், தன் சரக்கை இன்னொருவர் சரக்குபோல வாங்குபவர் தலையில் கட்டுவது.

உங்கள் வக்கீல் பதில் நோட்டீஸ் எழுதும்போது இந்தத் தீர்ப்பை முதல் பத்தியிலேயே வைக்கட்டும். 1999-ம் வருட டிரேட்மார்க் சட்டத்தில் இரண்டு பிரிவுகளையும் அதோடு சேர்க்க வேண்டும். 34-வது பிரிவு உங்களுக்குக் கேடயம். பதிவு செய்தவர் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கிய தேதி, பதிவுத் தேதி, இந்த இரண்டில் எது முந்தியதோ அதற்கும் முன்பிருந்து நீங்கள் விடாமல் பயன்படுத்தி வந்திருந்தால், உங்களை அவர் தடுக்க முடியாது. வாள் 27(2)-ல் இருக்கிறது. பதிவே இல்லாதவரும் பாசிங் ஆஃப் வழக்குப் போடலாம் என்கிற பிரிவு அது.

பதிவுத் தேதி என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. சான்றிதழ் 2021-ல் கைக்கு வந்திருந்தாலும், சட்டக் கணக்கில் விண்ணப்பம் போட்ட நாளே பதிவுத் தேதி. ஆகவே நோட்டீஸில் இருக்கும் எண்ணை எடுத்துக்கொண்டு டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் தேடச் சொல்லுங்கள். காசு கேட்காது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விண்ணப்பத்தில் ‘எப்போதிலிருந்து பயன்பாட்டில் உள்ளது’ என்ற கட்டம் இருக்கும். ‘இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறோம்’ என்று அதில் எழுதியிருந்தால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. ஏதாவது பழைய தேதி போட்டிருந்தால் அதற்கு ஆதாரமாக உறுதிமொழிப் பத்திரமும் ஆவணங்களும் இணைத்திருக்க வேண்டும். அதையும் இறக்கிப் பாருங்கள். பழைய தேதி போட்டுவிட்டு, அந்த வருடத்துக்கு ஒரு பில்கூட வைக்காத விண்ணப்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஜிஎஸ்டி, உணவுப் பாதுகாப்பு உரிமம், உத்யம் என்னும் சிறுதொழில் சான்றிதழ், நகராட்சி லைசென்ஸ் எதுவும் பெயருக்கு உரிமை தராது. வரி கட்டுகிறீர்கள், சுத்தமாகச் சமைக்கிறீர்கள் என்பதற்கான காகிதங்கள் அவை. அதே பெயரில் இன்னும் 100 பேருக்கு ஜிஎஸ்டி எண் கிடைக்கும். யாரும் கேட்க மாட்டார்கள். கம்பெனிப் பதிவும் அப்படித்தான், ‘பிரைவேட் லிமிடெட்’ என்று பெயர் கிடைத்துவிட்டதால் டிரேட்மார்க் உரிமை வந்துவிடாது. ஆனால் இந்தக் காகிதங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உரிமை தராவிட்டாலும், எந்தத் தேதியில் எந்தப் பெயரில் தொழில் செய்தீர்கள் என்பதற்கு இவை சாட்சி. உங்கள் ஜிஎஸ்டி சான்றிதழில் ‘வணிகப் பெயர்’ என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று இன்றே பாருங்கள். பல கடைகளில் பலகையில் ஒரு பெயரும் ஜிஎஸ்டியில் ‘ஸ்ரீ’ போட்டு இன்னொரு பெயருமாக இருக்கும். அப்படி இருந்தால் அந்தச் சான்றிதழ் இந்த வழக்குக்கு உதவாது.

‘சாத்தூர்’ சேர்க்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். வேண்டாம். இருட்டுக்கடை வழக்கில் ‘திருநெல்வேலி’ என்று முன்னால் சேர்த்தது எதிர்த் தரப்பைக் காப்பாற்றவில்லை என்று மேலே பார்த்தோம். ஊர்ப் பெயர் யாருக்கும் பொது. அதை ஒட்டவைத்தால் பெயர் வேறாகிவிடாது. உங்கள் விஷயத்தில் இன்னொரு நஷ்டமும் உண்டு. நோட்டீஸ் வந்த கையோடு பெயரை மாற்றினால், அவர்கள் சொன்னது சரி என்று நீங்களே ஒத்துக்கொண்டது போலாகும். ‘ஒரிஜினல்’, ‘பழைய’, ‘புகழ்பெற்ற’ என்று சேர்ப்பதும் இதே கதைதான். நம் பக்கத்து நெடுஞ்சாலைகளில் வரிசையாக இருக்கும் ‘ஒரிஜினல்’ கடைகளில் எது அசல் என்று வக்கீலான எனக்கே குழப்பம்.

கோவைக்காரருக்கு இத்தனை தூரத்தில் சாத்தூரில் என்ன வேலை என்றும் கேட்டிருந்தீர்கள். பதிவு இந்தியா முழுக்கச் செல்லும். தூரம் ஒரு பதிலாகாது. நீங்கள் வழக்குப் போட்டாலும் அவர்கள் தூரத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது. அகமதாபாத்தில் ஒரு போட்டோ கலர் லேப், தன் பெயரிலேயே இன்னொருவர் கடை திறந்தபோது வழக்குப் போட்டது. இரண்டு கடைக்கும் நடுவே 4, 5 கிலோமீட்டர் தூரம் இருக்கிறதே என்று கீழ் நீதிமன்றம் தடை தர மறுத்தது. 2001-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளி, தடை கொடுத்தது. கடைப் பெயருக்கும் சரக்கின் பெயருக்கு உள்ள அதே பாதுகாப்பு உண்டு என்று சொன்ன முக்கியமான தீர்ப்பு அது. ஆனால் பாசிங் ஆஃப் வழக்கில் உங்கள் பெயர் எதுவரை பரவியிருக்கிறது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். உங்களுக்கு இருக்கன்குடி இருக்கிறது. ஆடி மாதம் மாரியம்மன் கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் திரும்பும்போது காராசேவு வாங்கிப் போகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் எந்தெந்த ஊர், யார் போன் போட்டு மறுபடி ஆர்டர் கொடுத்தார்கள், எந்தப் பஸ்ஸில் பார்சல் போனது என்று குறித்துவையுங்கள்.

இனி, நீங்கள் கவலைப்படாத, ஆனால் எனக்குக் கவலை தரும் இரண்டு விஷயங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் மதுரை மாட்டுத்தாவணியில் அந்தக் கம்பெனியின் பாக்கெட்டைப் பார்த்தீர்கள், ‘யாரோ விற்றுவிட்டுப் போகட்டும்’ என்று விட்டுவிட்டீர்கள். இதை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். பதிவான பெயரை ஒருவர் பயன்படுத்துவது தெரிந்தும் தொடர்ந்து 5 வருடம் சும்மா இருந்தால், பிறகு அந்தப் பதிவு செல்லாது என்று கேட்கும் உரிமை போய்விடும். அவர்கள் நேர்மையில்லாமல் விண்ணப்பித்தார்கள் என்று காட்டினால் மட்டும் விலக்கு உண்டு. சட்டத்தின் 33-வது பிரிவு இது. உங்கள் கணக்கில் 2 வருடம் ஓடிவிட்டது. பொறுமை நல்ல குணம்தான். டிரேட்மார்க் சட்டத்தில் அதற்கு 5 வருட எல்லை வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது கொழுந்தனார் மகன். அவன் மேல் உங்களுக்குக் கோபம் என்று தெரிகிறது. ஆனால் ‘மரத்தடிக் கடை’ என்ற பெயரும் அதன் நற்பெயரும் மாமனார் விட்டுப்போன சொத்து. உயில் இல்லாமல் அவர் இறந்ததால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது உங்கள் மாமியார், கணவர், கொழுந்தனார், நாத்தனார்கள் எல்லோருக்கும் சேர்ந்து வந்தது. கடையை 20 வருடமாக நடத்தி வளர்த்தது நீங்கள்தான் என்பது பெரிய விஷயம், நீதிமன்றமும் அதைப் பார்க்கும். ஆனால் எழுத்தில் பாகப்பிரிவினையோ, மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ இல்லை. 1988 என்ற தேதி உங்களுக்கு வேண்டுமானால், அந்தத் தேதிக்குச் சொந்தக்காரரிடமிருந்து பெயர் உங்களுக்கு எப்படி வந்தது என்று காட்ட வேண்டும். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டிருந்தால், எதிர்த் தரப்பு வக்கீல் அந்த இடத்தில்தான் இழுப்பார். அதைவிட மோசம், கம்பெனி நேராகக் கோவில்பட்டிக்குப் போய் உங்கள் கொழுந்தனாரிடம் அவர் பங்கு உரிமையை எழுதி வாங்கிவிடலாம். நான் அந்தப் பக்கத்து வக்கீலாக இருந்தால் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

ஆகவே இந்த நேரத்தில் குடும்பத்துக்குள் நோட்டீஸ் வேண்டாம். பெரியவர்களை வைத்து உட்கார்ந்து பேசுங்கள். பெயர் உங்கள் கணவர் பெயரில் இருக்கட்டும். கோவில்பட்டிக் கடை அதே பக்குவத்தில், உங்கள் அனுமதியோடு நடக்கட்டும் என்று ஓர் உரிம ஒப்பந்தம் போடலாம். அல்லது இருவரும் கூட்டு உரிமையாளராகவே பதிவு செய்யலாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. எதுவானாலும் மாமியாரும் நாத்தனார்களும் கையெழுத்துப் போட்ட விடுதலைப் பத்திரம் இல்லாமல் பதிவு விண்ணப்பம் கொடுக்காதீர்கள்.

அந்தப் பத்திரம் கையில் வந்ததும் மூன்று வேலைகள் உண்டு, முதல் இரண்டும் ஒன்றாக ஓட வேண்டும். முதலாவது, பெயரை உங்கள் கணவர் பெயரிலோ கூட்டாகவோ பதிவு செய்ய விண்ணப்பம். சரக்குகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்துத்தான் பதிவு செய்வார்கள், காராசேவுக்கு 30-வது வகுப்பு. தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் இணையம் வழியே கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். சென்னை கிண்டியில் இருக்கும் பதிவகம்தான் நமக்கு. கம்பெனியின் பதிவைக் காட்டிப் பதிவகத்தார் முதலில் ஆட்சேபணை சொல்வார்கள். அது எதிர்பார்த்ததுதான். இரண்டாவது, கம்பெனியின் பதிவை நீக்கக் கோரும் மனு, 57-வது பிரிவின் கீழ். பதிவகத்திலும் போடலாம், உயர் நீதிமன்றத்திலும் போடலாம். மூன்றாவது, கம்பெனியின் பாக்கெட் உங்கள் மாவட்டத்தில் விற்கிறது என்றால், அதற்கான பில்லோடு ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்தில் பாசிங் ஆஃப் வழக்கு. மூன்றாவதற்குச் செலவு அதிகம். பதில் நோட்டீஸைப் பார்த்துவிட்டு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பொறுத்துப் பார்த்து முடிவு செய்யலாம். இந்தப் பெயரை அவர்கள் விண்ணப்பித்து, வாராவாரம் வெளிவரும் டிரேட்மார்க் ஜர்னலில் விளம்பரம் வந்தபோது, 4 மாதத்துக்குள் எதிர்ப்புத் தெரிவித்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். சாத்தூரில் சேவு பிழிந்துகொண்டு டிரேட்மார்க் ஜர்னல் படிப்பவர் யார் என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

10 லட்சத்தை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். நோட்டீஸில் தொகை போடுவது வழக்கம். முன்பிருந்தே நேர்மையாகப் பயன்படுத்தி வந்தவரிடம் அதை வாங்குவது சுலபமல்ல. சமாதானம் பேச அவர்கள் வந்தால் கதவைச் சாத்தவும் வேண்டாம். ஆளுக்கொரு வட்டாரம், ஆளுக்கொரு விதமான லேபிள் என்று இரு தரப்பும் பிரித்துக்கொண்டு முடிந்த வழக்குகள் உண்டு. ஆனால் ‘பெயரை எழுதிக் கொடுங்கள், பணம் தருகிறோம்’ என்று வந்தால், எந்தத் தொகையானாலும் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள்.

லேபிளில் ‘டி.எம்.’ என்று போட்டுக்கொள்ளலாம், அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. வட்டத்துக்குள் ‘ஆர்’ போடும் குறியைப் பதிவு வரும்வரை போடவே கூடாது. பதிவாகாததைப் பதிவானதாகக் காட்டினால் 107-வது பிரிவில் அபராதம் உண்டு. அச்சகத்துக்காரர்கள் அழகுக்காகத் தாங்களாகவே சேர்த்துவிடுவார்கள், கவனம்.

கடைசியாக ஆதாரம். மேலே நான் எழுதிய அத்தனையும் இதன் மேல்தான் நிற்கிறது. கடையில் பில் போட்ட வழக்கமே இல்லை என்கிறீர்கள். பரவாயில்லை, உங்களுக்குப் பில் போட்டவர்கள் இருப்பார்கள். விருதுநகரில் கடலை மாவும் எண்ணெயும் வாங்கிய மண்டியின் பழைய சீட்டுகளில் ‘மரத்தடிக் கடை’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மண்டிக்காரர்கள் ஆள் பெயரைவிடக் கடைப் பெயரைத்தான் எழுதுவார்கள். 2009-ல் முதல் லேபிள் அடித்த அச்சகத்தின் பில் இருந்தால் அது தங்கம். அச்சகத்திலேயே பழைய மாதிரியும் கிடைக்கலாம். கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர், கபடிப் போட்டிச் சுவரொட்டி இவற்றில் ‘அன்பளிப்பு’ என்று கடைப் பெயர் வந்திருக்கும். வருடம் அச்சான காகிதம் என்பதால் இவற்றை மறுப்பது கஷ்டம். 1996-ல் போட்ட வாடகை ஒப்பந்தம், பலகை தெரியும் கல்யாண ஊர்வலப் போட்டோ, பார்சல் சர்வீஸ் ரசீது, பழைய விற்பனை வரிக் கணக்கு என்று தேடுங்கள். வருடத்துக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். ‘விடாமல்’ பயன்படுத்தியதைக் காட்ட இடைவெளி இருக்கக் கூடாது. போனில் இருக்கும் படங்களுக்குச் சாட்சியச் சட்டப்படி தனியாக ஒரு சான்று கொடுக்க வேண்டியிருக்கும், வக்கீல் பார்த்துக்கொள்வார். ஆனால் படம் எடுத்த அந்தப் போனை மட்டும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.

தள்ளுவண்டிக் காலத்துக்குக் காகிதமே கிடைக்காமல் போகலாம். கிடைக்காவிட்டால் 1996-லிருந்து உள்ளதை வைத்தே நிற்கலாம். கம்பெனியின் தேதிக்கு அதுவே வெகுகாலம் முந்தியது. இல்லாத 1988 பில்லை யாராவது ‘ஏற்பாடு’ செய்து தருகிறேன் என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்த ஒரு போலிக் காகிதம் உள்ளே வந்தால் உங்களிடம் இருக்கும் நிஜக் காகிதங்களையும் நீதிமன்றம் நம்பாது.

கிடைத்ததை எல்லாம் வருட வரிசையில் ஒரு கோப்பில் போட்டு, நகல் எடுத்து, அசலை வீட்டில் வையுங்கள். எண்ணெய்க் கறை இருந்தால் இருக்கட்டும், துடைக்க வேண்டாம். கிழிந்துவிடுமே என்று எதையும் லேமினேட் செய்துவிடாதீர்கள். காகிதத்தின் வயதையும் மையையும் பார்க்க வேண்டி வந்தால், அந்தப் பிளாஸ்டிக் உறையே உங்களுக்கு எதிராக நிற்கும்.